சோழவரம்: ரேஸர்கள் திட்டிக்கிட்டே ஓட்டிய டிராக்... கரிவர்தன் கொடுத்த பதில்!

வண்டி ஓட்டுற எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும். 'இந்த ரோட்டுப் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க' லிஸ்ட். நீங்க மாதவரம் ஏரியான்னா உங்க லிஸ்ட் என்னன்னு கேட்கவே வேண்டாம். மூலக்கடையில் ஆரம்பிச்சு மாதவரம் ரவுண்டானா, புழல், செங்குன்றம்னு ஜி.என்.டி ரோடு முழுக்க லாரிக்குப் பின்னாடி உருட்டணும். மணலி பக்கம் திரும்பினா கன்டெய்னர் டிரெய்லர் வரிசை. எண்ணூர் பக்கம் போற ரோட்டுக்கு 'விரைவுச் சாலை'ன்னு பேரு. அந்தப் பேரை வெச்சவர் பீக் அவர்ல ஒரு தடவை அதில் போய்ப் பார்க்கணும்!

இந்த லிஸ்ட் நமக்கு மட்டும் இல்லை. பனிமலையில் சறுக்குற ஸ்கீயிங் ஆட்களுக்கும் உண்டு. செங்குத்தான சரிவைக்கூட அவங்க பெருசா குறை சொல்றதில்லை. ரெண்டு சரிவுக்கு நடுவில் வர்ற தட்டையான பாதைதான் அவங்களுக்கு எமன். வேகம் செத்துப்போய், கையில் இருக்கிற குச்சியை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கிட்டே போகணும். கண்ணாடி மாதிரி இறுகின பனிப் பாதை, கூட்டம் குவியுற குறுகலான பாதை எல்லாம் அதுக்கு அடுத்த இடம்.

கார் ரேஸர்களுக்கும் அப்படித்தான். ஜெர்மனியின் பழைய நர்பர்க்ரிங் டிராக்கில் ஒரு சுற்றே கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். விபத்து நடந்தா உதவி வந்து சேர்றதுக்கே நேரமாகும்னு 1976-ல் அந்த ரேஸைப் புறக்கணிக்கச் சொன்னார் நிக்கி லாடா. சக டிரைவர்களில் பெரும்பாலானவங்க ஒத்துக்கலை. அதே ரேஸில் அவர் கார் தீப்பிடிச்சு, மரணத்தின் வாசல் வரை போயிட்டு வந்தார். டிராக் மேல ஒரு டிரைவருக்கு வர்ற கடுப்பு சும்மா சிணுங்கல் இல்லைங்க. சில நேரம் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, நம்ம ஊர் ரேஸர்கள் அதிகமா திட்டின டிராக் எது தெரியுமா? ரொம்ப தூரம் போக வேண்டாம். நீங்க தினமும் திட்டுற அதே ஜி.என்.டி ரோட்டில், செங்குன்றம் தாண்டி இன்னும் கொஞ்சம் போனா வர்ற சோழவரம்தான் அது. திட்டிக்கிட்டே அடுத்த வருஷமும் வந்து நின்னாங்க. அப்படி வந்தவர்களில் ஒருத்தர் வெறுமனே திட்டிட்டுப் போகாம, அந்தக் கடுப்புக்கு ஒரு பதிலையே செஞ்சு காட்டினார். அவர்தான் கோயம்புத்தூர் எஸ்.கரிவர்தன். ரேஸிங் வட்டாரத்தில் செல்லமா 'கரி'. தலைவர் அஜித் பந்தயக் கார்ல உட்கார்ந்த கதைக்கும் இவருக்கும்கூட ஒரு தொடர்பு இருக்கு. வர்றோம், பொறுங்க.

விமானம் இறங்க வேண்டிய இடம்

சோழவரம் டிராக், ரேஸுக்காகக் கட்டினதே இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போர் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. ஆங்கில எழுத்து 'டி' இருக்குல்ல, அந்த வடிவம். போர் முடிஞ்சது, விமானங்கள் போயிடுச்சு, ஓடுதளம் மட்டும் வெயில்ல காய்ஞ்சு கிடந்தது.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. வேகமா வண்டி ஓட்டணும்னு ஆசைப்பட்ட கொஞ்சம் பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. அவங்க கண்ணுக்கு இந்த ஓடுதளம் தங்கச் சுரங்கமா தெரிஞ்சது. வளைவுகளை அடையாளம் வெச்சுக் காட்டினா போதும், பந்தயப் பாதை ரெடி.

இதில் நாம வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. இன்னைக்கு ஃபார்முலா ஒன் உலகமே கொண்டாடுற இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் டிராக்கும் போர்க்கால விமானதளம்தான். 1948-ல் அங்கே முதல் கிராண்ட் பிரீ நடந்தப்போ வைக்கோல் கட்டும் டிரம்மும் வெச்சுத்தான் பாதையைப் பிரிச்சாங்க. 1950-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ரேஸ் நடந்ததும் அங்கேதான். அமெரிக்காவின் செப்ரிங் டிராக், பாம்பர் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த தளம். அதன் பழைய கான்கிரீட் பலகைகள் மேலேயே 1952-லிருந்து 12 மணி நேர ரேஸ் நடந்துட்டு இருக்கு. ஒவ்வொரு பலகை இணைப்பிலும் கார் 'தடக் தடக்'னு குதிக்கும்; ஓட்டி முடிச்சு இறங்கினவங்களுக்கு முதுகெலும்பு ஞாபகம் வரும்.

அப்படி என்ன கடுப்பு?

விமானத்துக்குப் போட்ட பாதையில் கார் ஓட்டினா என்ன பிரச்னைன்னு கேட்கலாம். இருக்கு, வரிசையா இருக்கு.

முதல் விஷயம், நேர்கோடு. விமானத்துக்கு வளைவு தேவையில்லை. அதனால ஓடுதளத்தில் போடுற பந்தயப் பாதையில் நீளமான நேர்கோடு வரும், அது முடியுற இடத்தில் திடீர்னு ஒரு கூர்மையான திருப்பம் வரும். நேர்கோட்டில் ஜெயிக்கிறது இன்ஜின். யார் கார்ல பவர் அதிகமோ அவர் தாண்டிப் போயிடுவார். திறமையைக் காட்ட வேண்டிய நீண்ட, வேகமான வளைவுகளுக்கு அங்கே வேலையே இல்லை.

ரெண்டாவது, தட்டையான நிலம். மேடு, பள்ளம், மரம், கட்டடம்னு எதுவும் இல்லாத வெட்டவெளியில் எங்கே பிரேக் பிடிக்கணும்னு கண்ணுக்கு ஓர் அடையாளமே கிடைக்காது. சாலையில் போகும்போது 'அந்த டீக்கடை தாண்டினதும் பிரேக்'னு நமக்குத் தெரியும்ல? ரேஸர்களும் அப்படித்தான் குறி வெச்சுக்குவாங்க. ஓடுதளத்தில் அந்தக் குறியே கிடைக்காது. கொஞ்சம் லேட்டானா நேரா புல்வெளிக்குள்ள போக வேண்டியதுதான்.

மூணாவது, தரை. பழைய ஓடுதளம்னா விரிசலும் சரளையும் இருக்கும். எல்லா கார்களும் ஓடுற கோட்டில் மட்டும் தரை சுத்தமா இருக்கும். அதை விட்டு ரெண்டடி விலகினா தூசியும் மணலும்தான். முன்னாடி போறவரைத் தாண்டணும்னா அந்தத் தூசிக்குள்ளதான் இறங்கணும். டயர் வழுக்கும், வேகம் போகும், இன்ஜினுக்குள் மண்ணும் போகும். இதனாலதான் பல பேர் பின்னாடியே வந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு ரேஸை முடிக்க வேண்டியதாகும்.

நாலாவது, எதுவுமே நிரந்தரம் இல்லை. கார் ரிப்பேர் பண்ற இடம், கடிகாரம் பிடிக்கிற மேடை, ஜனங்களைத் தள்ளி நிறுத்துற தடுப்பு எல்லாத்தையும் ஒவ்வொரு ரேஸுக்கும் புதுசா அமைக்கணும், முடிஞ்சதும் பிரிக்கணும். மேலே சென்னை வெயில். நிழல்? கொண்டுவந்த குடைதான்.

இவ்வளவு இருந்தும் ஜனம் குவிஞ்சது. ரேஸ் நாளில் நகரத்திலிருந்து பஸ், லாரி, சைக்கிள்னு கிடைச்சதைப் பிடிச்சு ஆயிரக்கணக்கில் சோழவரம் போனாங்க. வட சென்னைக்கு அது வெறும் வேடிக்கை இல்லைங்க, சொந்த விஷயம். திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை 'புல்லட்' செஞ்சுட்டு இருந்தது. அதே திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப், டயர் கம்பெனியா வளர்ந்து நின்னது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ். பின்னாடி அது அசோக் லேலண்ட். இன்ஜினும் டயரும் செஞ்சு சம்பாதிச்ச குடும்பங்கள் நிறைஞ்ச ஏரியா இது. வண்டி சீறுற சத்தம் இங்கே யாருக்கும் அந்நியமா இருந்திருக்காது.

மில் குடும்பத்துப் பையன்

இப்போ கோயம்புத்தூர் போகலாம். கரிவர்தன் பிறந்தது 1954-ல். 1910-ல் ஜி.குப்புசாமி நாயுடு ஆரம்பிச்ச லட்சுமி மில்ஸ் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்குப் பஞ்சு, நூல், மில் நிர்வாகம்னு வாழ்க்கை ஏற்கெனவே கோடு போட்டு வெச்சிருக்கும். அந்தப் பாதையில் போனாலே வசதிக்குக் குறைவில்லை.

ஆனா கோவைக்கு இன்னொரு குணமும் உண்டு. மில்லில் ஒரு மெஷின் நின்னா வெளிநாட்டிலிருந்து உதிரி பாகம் வரட்டும்னு காத்திருக்க மாட்டாங்க. பக்கத்துப் பட்டறையில் கடைஞ்சு மாட்டிடுவாங்க. மோட்டார், பம்ப்செட், ரேடியோன்னு எதையும் பிரிச்சுப் பார்த்துத் திரும்பச் செஞ்ச ஜி.டி.நாயுடுவின் ஊர் அது. கரிவர்தன் அந்த ரெண்டு கோவைக்கும் பிள்ளை. மில் குடும்பத்து வசதியும் இருந்தது, பட்டறைக்காரரின் கையும் இருந்தது. அவர் கார் ஓட்டுறவர் மட்டும் இல்லை, காரை வரைஞ்சு, வெட்டி, ஒட்டி, கட்டுறவர்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தியாவில் ரேஸ் ஓட்டுறவங்களுக்குப் போக்கிடம் பெரும்பாலும் இந்த மாதிரி பழைய ஓடுதளங்கள்தான். அவற்றில் பெரிய பேரு சோழவரத்துக்கு. கோவையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து, மேலே சொன்ன அத்தனை கடுப்புகளையும் கரிவர்தன் நேர்ல சந்திச்சார்.

நிஜமான கடுப்பு எது?

இங்கேதான் கதை திரும்புது. நல்லா கவனிங்க.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கிடைச்ச கார்களை விரல் விட்டு எண்ணிடலாம். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டு ரேஸ் கார் வேணும்னா இறக்குமதி அனுமதி, சுங்க வரி, அதிகாரிகள் கையெழுத்துன்னு அது ஒரு தனி மாரத்தான். பெரும் பணமும் செல்வாக்கும் இருக்கிறவங்களால மட்டும்தான் முடியும். அரச குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டிலிருந்து ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்து சோழவரத்தில் இறக்கினாங்க.

அதே ரேஸ் நாளில் இன்னொரு பக்கம் பழைய ஃபியட்டைப் பிரிச்சு, சீட்டைக் கழட்டி எறிஞ்சு, இன்ஜினை முடுக்கி எடுத்துட்டு வந்த மெக்கானிக் நிப்பார். வெளிநாட்டுக் கார் முன்னாடி அவர் கார் நேர்கோட்டில் என்ன ஆகும்? அதான் சொன்னோமே, அந்த டிராக்கில் நேர்கோடுதான் ராஜா. கொடி அசையுறதுக்கு முன்னாடியே யார் முதல்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆக, சோழவரத்தில் நிஜமான கடுப்பு விரிசல் இல்லை, தூசி இல்லை, வெயில்கூட இல்லை. குழி எல்லாருக்கும் ஒரே குழிதான். அதை எல்லாரும் பொறுத்துக்கலாம். ஆனா ஒருத்தருக்கு இருக்கிற கார் இன்னொருத்தருக்கு இல்லைன்னா, அந்தத் தோல்வியை எதை வெச்சுப் பொறுத்துக்கிறது? நல்லா ஓட்டியும் தோத்தா, எதைக் கத்துக்கிறது?

இந்த நிலைமையில் கரிவர்தனுக்கு நஷ்டம் எதுவும் இல்லைங்கிறதுதான் விஷயமே. பணம் ஜெயிக்கிற பந்தயத்தில் அவர் பணம் இருக்கிற பக்கம் நின்னவர். பேசாம இன்னும் பெரிய கார் வாங்கி, இன்னும் நிறைய கோப்பை அள்ளியிருக்கலாம். அவர் செஞ்சது வேற.

ரேஷன் கடைக்குப் போற காரில் ஃபார்முலா கார்!

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. நம்ம அப்பா, தாத்தா தலைமுறையின் கனவு கார். 796 சி.சி, மூணு சிலிண்டர். பவர்னு பார்த்தா நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாது. அதைப் பார்த்து யாருக்காவது ரேஸ் ஞாபகம் வருமா? காய்கறி வாங்கப் போற ஞாபகம்தான் வரும்.

கரிவர்தன் அதில் வேற ஒண்ணைப் பார்த்தார். மாருதியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே பொட்டலமா குறுக்குவாட்டில் முன்னாடி இருக்கும், முன் சக்கரங்களை இழுக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி டிரைவருக்குப் பின்னாடி வெச்சா? பின் சக்கரங்களைத் தள்ளும். அதாவது, நிஜமான ஃபார்முலா காரின் அமைப்பு வந்துடும்! சுத்தி இரும்புக் குழாய்களை வெல்டு பண்ணி ஒரு கூண்டு, மேலே லேசான மூடி, ஒரே ஒரு சீட், திறந்த சக்கரங்கள்.

இதில் மறைஞ்சிருக்கிற கணக்கு அழகானது. கார் வேகம் இன்ஜின் பவரை மட்டும் வெச்சு வர்றதில்லை. எடையையும் வெச்சு வருது. கதவு, கண்ணாடி, நாலு பேர் சீட், டிக்கி எல்லாத்தையும் கழிச்சுட்டா, அதே குட்டி இன்ஜின் சிட்டாப் பறக்கும். உடைஞ்சா? பாகம் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். இறக்குமதி அனுமதி வேண்டாம், சுங்கத்தில் காத்திருக்க வேண்டாம். மாருதியைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச எந்த மெக்கானிக்கும் இதையும் பார்த்துக்குவார்.

1988-ல் 'ஃபார்முலா மாருதி' வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கின பெருமை இல்லை. நம்ம ஊர்ல வரைஞ்சு, நம்ம ஊர்ல கட்டின ஒற்றை சீட் ரேஸ் கார். அதைவிட முக்கியமானது, இது ஒரு காரா நிக்கலை. ஒரு தனிப் போட்டிப் பிரிவா மாறினது. களத்தில் நிக்கிற எல்லார் கிட்டயும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின். அப்போ வித்தியாசம் எங்கே? ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கிற கையில் மட்டும்தான்.

பவர் குறைவுங்கிறதும் ஒரு வரமா ஆச்சு. எப்படின்னு கேளுங்க. பெரிய இன்ஜின் கார்ல வளைவில் தப்பு பண்ணினா, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு நேர்கோட்டில் சரிக்கட்டிடலாம். குட்டி இன்ஜினில் அந்தச் சலுகை கிடையாது. வளைவில் ஒரு தடவை வேகத்தை விட்டா, அதைத் திரும்ப எடுக்க அடுத்த நேர்கோடு முழுக்கப் போயிடும். அதனால எங்கே பிரேக், எவ்வளவு பிரேக், எப்போ ஸ்டீயரிங்கைத் திருப்பணும்னு ஒவ்வொண்ணையும் சுத்தமா கத்துக்க வேண்டியிருந்தது. நல்ல டிரைவரை உருவாக்க இதைவிடக் கறாரான வாத்தியார் கிடைக்க மாட்டார்.

டிராக் மாறினது

அதே காலகட்டத்தில் இன்னொரு மாற்றமும் நடந்துட்டு இருந்தது. வருஷா வருஷம் தற்காலிகமா கட்டிப் பிரிக்கிற சோழவரம் போதும்னு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முடிவு பண்ணி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி சொந்தமா டிராக் கட்டினது. 1990-ல் அது திறந்தது. விமானத்துக்காக இல்லாம ரேஸுக்காகவே போட்ட பாதை. வேகமான வளைவு, மெதுவான வளைவு, கார்கள் சறுக்கினா போய் நிக்க இடம்னு எல்லாம் யோசிச்சுப் போட்டது. மொத்தம் 3.7 கிலோமீட்டர்.

சோழவரம் மெல்ல அடங்கினது. ரேஸ் நாள் கூட்டத்தின் சத்தம் ஜி.என்.டி ரோட்டை விட்டு பெங்களூரு ரோட்டுக்கு மாறினது. வட சென்னை தன் வாசல்ல இருந்த ஒரு திருவிழாவை இழந்தது. உங்க வீட்டில் அறுபதைத் தாண்டின பெரியப்பாவோ மாமாவோ இருந்தா 'சோழவரம் ரேஸ்'னு சும்மா சொல்லிப் பாருங்க. அந்த வாரம் முழுக்க உங்களுக்குக் கதை கிடைக்கும்.

புது டிராக்கும் கரிவர்தனின் காரும் ஒண்ணையொண்ணு தேடி வந்த மாதிரி அமைஞ்சது. திறமைக்கு வேலை கொடுக்கிற வளைவுகள் ஒரு பக்கம், திறமையை மட்டுமே அளக்கிற கார் இன்னொரு பக்கம். கோவையில் பந்தய வீரர் ஜி.ஆர்.கார்த்திகேயனின் மகன் ஒருத்தர், தன் முதல் ரேஸை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார், முதல் ரேஸிலேயே மேடை ஏறினார். பேரு நரேன்.

நாற்பத்தோரு வயசு

1995. கரிவர்தனுக்கு வேகத்தோடு உயரத்தின் மீதும் ஆசை இருந்தது. சின்ன விமானங்கள் அவருடைய இன்னொரு காதல். அந்த வருஷம் நடந்த ஒரு விமான விபத்தில் அவர் உயிர் போனது. நாற்பத்தோரு வயசு.

எத்தனையோ வருஷம் டிராக்கின் குழிகளிலும் தூசியிலும் தப்பிச்சவரை வானம் எடுத்துக்கிட்டது. அவர் கட்டிவிட்ட காரில் கத்துக்கிட்ட பசங்க ஃபார்முலா ஒன் வரை போனதை அவர் பார்க்கலை. 2005-ல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் டீமுக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கினார், முதல் இந்தியர். அதே வருஷம் அமெரிக்க கிராண்ட் பிரீயில் நாலாவது இடம். 2011-ல் இந்தியாவிலேயே ஃபார்முலா ஒன் ரேஸ் நடந்தப்போ அதில் ஓட்டின ஒரே இந்தியரும் நரேன்தான்.

அஜித் தொடர்பு கேட்டீங்கல்ல? 2002-ல் அஜித்குமார் இந்திய ஃபார்முலா மாருதி சாம்பியன்ஷிப்பில் ஓட்டி நாலாவது இடம் பிடிச்சார். பின்னாடி ஃபார்முலா 3, ஃபார்முலா 2 எல்லாம் போனார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவர் டீம் தன் பிரிவில் மூணாவதா வந்ததை நீங்க ரீல்ஸா பார்த்திருப்பீங்க. அந்தப் பயணத்தின் ஆரம்பப் படிகளில் ஒண்ணு, கோவைக்காரர் ஒருத்தர் மாருதி இன்ஜினை வெச்சுக் கட்டின அந்தக் குட்டி கார்.

2003-ல் கோவை செட்டிபாளையத்தில், முன்னாள் ரேஸர் பி.விஜயகுமார் முயற்சியில் 2.1 கிலோமீட்டர் டிராக் ஒண்ணு திறந்தது. அதுக்கு வெச்ச பேரு 'கரி மோட்டார் ஸ்பீட்வே'. ஓடுதளத்தில் குதிச்சுக் குதிச்சு ஓட்டினவர் பேரில், அவர் ஊரிலேயே ஒரு நிஜமான டிராக். இன்னைக்கும் தேசிய அளவிலான போட்டிகள் அங்கே நடக்குது.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ரேஸ் நடந்தது ஞாபகம் இருக்கா? 3.5 கிலோமீட்டர் தெருப் பாதை. மழை, தாமதம், டிராஃபிக் திருப்பம்னு ஆயிரம் புகார் வந்தது. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? களத்தில் இறங்கின எல்லார்கிட்டயும் ஒரே கார், ஒரே இன்ஜின். உலகம் முழுக்க இளம் டிரைவர்களை வளர்க்கிற முறை இன்னைக்கு இதுதான். வசதியே இல்லாத ஒரு காலத்தில், நம்ம ஊர் பட்டறையில் அதே வழிக்குப் போனவர் கரிவர்தன்.

அவர் வாழ்க்கை நமக்கு ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுது. டிராக் மோசம்ங்கிறது ஒரு புகார். பந்தயமே சமமா இல்லைங்கிறது வேற புகார். முதல் புகாரில் நேரத்தைச் செலவழிச்சா வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கிட்டே இருக்கலாம். குழி நம்மளை ஒண்ணும் கேட்காது. ரெண்டாவதைக் கண்டுபிடிச்சுட்டா, அதைச் சரிபண்ண நம்ம கையில் எதாவது இருக்கும். அவர் கையில் இருந்தது ஒரு மாருதி இன்ஜினும் வெல்டிங் மெஷினும்.

இன்னொண்ணும் இருக்கு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெயின் ரோட்டில் பைக் ரேஸ் விடுற பசங்களை நீங்க பார்த்திருப்பீங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்லயே ஒருத்தர் இருக்கலாம். அந்த வேக ஆசை தப்பில்லை. கரிவர்தனுக்கும் அதே ஆசைதான். ஆனா ரோட்டில் நடக்கிறது பந்தயமே இல்லைங்க. எதிர்ல வர்ற தண்ணி லாரிக்கும், ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போற மனுஷனுக்கும் அந்தப் பந்தயத்தில் பேரு கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கலை. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் ரேஸுக்குன்னே போட்ட டிராக் இருக்கு. அங்கே ஹெல்மெட், ஆம்புலன்ஸ், கொடி காட்ட ஆள் எல்லாம் உண்டு. செலவு ஆகும்தான், ஆனா சோழவரம் காலத்துப் பசங்களுக்குக் கிடைக்காத வசதி அது.

அடுத்த தடவை மாதவரம் தாண்டி செங்குன்றம் பக்கம் டிராஃபிக்ல மாட்டினா ரோட்டைத் திட்டுங்க, உரிமை இருக்கு. திட்டி முடிச்சதும், இதே ரோட்டில் கோவையிலிருந்து வந்து, உங்களைவிட மோசமான ஒரு பாதையைப் பார்த்துட்டுப் போய் கார் கட்டின அந்த மனுஷனைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க. சிக்னல் பச்சை விழுந்ததும் பார்த்து ஓட்டுங்க.